கல்லீரல் புற்றுநோய்க்குக் கடல் மருந்து: எதை நம்பலாம், எதைத் தள்ளலாம்

கல்லீரலில் கட்டி என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்த வீட்டுக்கு நாலா பக்கமிருந்தும் யோசனைகள் வரும். ஒருவர் சுறா குருத்தெலும்புப் பொடிக்கு லிங்க் அனுப்புவார். மலேசியாவில் இருக்கும் உறவினர், அடுத்த முறை வரும்போது 'காமாட்' என்ற கடல் அட்டைச் சாறு வாங்கி வருகிறேன் என்பார். கொஞ்சம் படித்துப் பார்த்த தம்பி, "கடற்பஞ்சிலிருந்து கீமோ மருந்தே வந்திருக்கிறதாம், டாக்டர் ஏன் அதை எழுதவில்லை?" என்று கேட்பான். இந்த மூன்றையும் 'கடல் மருந்து' என்று ஒரே பெயரில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். தம்பியின் கேள்வி நியாயமானது, அதற்கு விரிவான பதில் இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் பதில் சுருக்கமானது.

இங்கே நான் பேசுவது கல்லீரலிலேயே தொடங்கும் ஹெபடோசெல்லுலார் கார்சினோமா, சுருக்கமாக ஹெச்.சி.சி. பற்றி. குடலிலிருந்தோ மார்பகத்திலிருந்தோ கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோய்க்கு வேறு மருந்துகள், வேறு கணக்கு.

சரி, எதை வைத்து ஒப்பிடுவது? ஹெச்.சி.சி. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கட்டி வருவதற்கு முன்பே கல்லீரல் நொந்து போயிருக்கும். ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, மது, கொழுப்புக் கல்லீரல் என்று ஏதோ ஒன்று பல வருடங்களாக அரித்து, கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் வரை கொண்டு வந்திருக்கும். அதாவது ஒரே உடம்பில் இரண்டு நோய். கட்டியைத் தாக்கும் மருந்தை உடைத்து வெளியேற்ற வேண்டிய உறுப்பும் அதே கல்லீரல்தான். ஆய்வகத்தில் புற்றணுவைக் கொல்லும் பொருள்கள் ஏராளமாக இருக்கின்றன. மிச்சமிருக்கும் கல்லீரலைக் கெடுக்காமல் அந்த வேலையைச் செய்யும் பொருள்கள் மிகக் குறைவு. கடல் உயிரிகளிலிருந்து வந்த மருந்துகளில் பல இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கின்றன.

மிச்சம் எவ்வளவு என்பதை மருத்துவர்கள் சைல்டு-பியூ என்ற மதிப்பெண்ணால் அளக்கிறார்கள். பிலிருபின், அல்புமின், ரத்தம் உறைய ஆகும் நேரம், வயிற்றில் நீர் கோர்த்திருக்கிறதா, மனக் குழப்பம் இருக்கிறதா என்ற ஐந்தையும் பார்த்து ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். ஏ என்றால் கல்லீரல் ஓரளவு சமாளிக்கிறது. சி என்றால் கைவிடும் நிலையில் இருக்கிறது. உங்கள் வீட்டு நோயாளி எந்த எழுத்தில் இருக்கிறார் என்று தெரியாமல் எந்த மருந்தையும் பற்றி முடிவெடுக்காதீர்கள். கட்டியின் அளவைக் கேட்கும் பலர் இதைக் கேட்பதே இல்லை.

கையில் ஏற்கெனவே இருப்பது

எந்தப் புது யோசனையையும் வெறுங்கையோடு ஒப்பிடக் கூடாது, இன்று கிடைக்கும் சிகிச்சையோடு ஒப்பிட வேண்டும். கட்டி சிறியதாக இருந்து ஆரம்பத்திலேயே தெரிந்தால் அறுவை, ஊசி வழியாகச் சுட்டு அழிக்கும் அப்லேஷன், மாற்றுக் கல்லீரல் ஆகியவற்றால் நோயை முழுமையாகவே நீக்க வாய்ப்பு உண்டு. மாற்றுக் கல்லீரலுக்கு 1996-இல் இத்தாலியில் வகுத்த மிலன் அளவுகோல் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. ஒரே கட்டி என்றால் 5 செ.மீ.க்குள், மூன்று வரை என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள், பெரிய ரத்தக் குழாயில் பரவல் கூடாது. அதைத் தாண்டிய நிலையில், கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய் வழியாக மருந்தைச் செலுத்தி அடைக்கும் டேஸ் என்ற முறை இருக்கிறது.

அதற்கும் மேல் போய்விட்டால் உடல் முழுவதும் செல்லும் மருந்துகள். நீண்ட காலம் இங்கே ஒன்றுமே இல்லை. 2007-இல் சோராஃபெனிப் வந்தது. அதை நிலைநாட்டிய ஆய்வில் மருந்து எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் (அதாவது பாதிப்பேர் உயிரோடு தாண்டிய காலம்) 10.7 மாதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 7.9 மாதம். கேட்க வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த மூன்று மாதத்தை எட்டவே பல மருந்துகள் முயன்று தோற்றன. 2020-இல் அடிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் முறை அனுமதி பெற்றது. அதன் ஆய்வில் இடைநிலை ஆயுள் 19.2 மாதம் வரை போனது, சோராஃபெனிப் பெற்றவர்களுக்கு 13.4 மாதம். அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் சைல்டு-பியூ ஏ நிலையில் இருந்தவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பெவாசிசுமாப் ரத்தக்கசிவைத் தூண்டக்கூடியது என்பதால், தொடங்குவதற்கு முன் எண்டோஸ்கோப்பி செய்து உணவுக்குழாயில் புடைத்த ரத்த நாளங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

செலவு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல குடும்பங்களைப் பொடி பக்கம் தள்ளுவது செலவுதான். சோராஃபெனிப் இந்தியாவில் மாதத்துக்குச் சுமார் 2.8 லட்சம் ரூபாய்க்கு விற்றது. 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நாட்டின் முதல் கட்டாய உரிமத்தை, அதாவது காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே வேறு நிறுவனம் தயாரிக்கும் அனுமதியை, இந்த மருந்துக்கே வழங்கியது. ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் மாதம் 8,880 ரூபாய்க்கு விற்க வேண்டும் என்று நிபந்தனை. 'பெரிய மருந்து நமக்கு எட்டாது' என்று கேட்காமலே முடிவு செய்துவிடாதீர்கள்.

ஹெபடைட்டிஸ் பி இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் மாத்திரை வைரஸை அடக்கி மிச்சமிருக்கும் கல்லீரலைக் காக்கும். கட்டிக்கு எந்தச் சிகிச்சை நடந்தாலும் கூடவே இது நடக்க வேண்டும்.

பொடி, கேப்சூல், சாறு

சுறா குருத்தெலும்பின் கதை தொடங்கியது உண்மையான அறிவியலில்தான். குருத்தெலும்பில் ரத்தக் குழாய்கள் இல்லை. கட்டி வளர வேண்டுமானால் புது ரத்தக் குழாய்கள் வேண்டும். சுறாவின் குருத்தெலும்பில் ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று 1983-இல் அமெரிக்காவில் லீயும் லாங்கரும் ஆய்வகத்தில் காட்டினார்கள். அதற்குப் பிறகு 1990-களில் வியாபாரம் புகுந்தது. சுறாவுக்குப் புற்றுநோயே வராது என்ற பேச்சு பரவியது. அது பொய். சுறாக்களிலும் திருக்கைகளிலும் கண்ட கட்டிகளை ஆய்வாளர்கள் 2004-இல் தொகுத்தே வெளியிட்டார்கள்.

மனிதர்களிடமும் முறையாகச் சோதித்தார்கள். மார்பகம், பெருங்குடல் புற்றுநோய் முற்றியவர்கள் 83 பேரிடம் நடந்த ஆய்வு 2005-இல் வெளியானது. ஆயுளும் கூடவில்லை, வாழ்க்கைத் தரமும் கூடவில்லை. அப்புறம், வெறும் பொடியாக இல்லாமல் மருந்துத் தரத்தில் பிரித்தெடுத்த ஏஇ-941 என்ற சாற்றை நுரையீரல் புற்றுநோயாளிகள் 379 பேரிடம் கீமோவோடும் கதிர்வீச்சோடும் சேர்த்துக் கொடுத்தார்கள். சாறு பெற்றவர்களுக்கு இடைநிலை ஆயுள் 14.4 மாதம், பெறாதவர்களுக்கு 15.6 மாதம். இவை கல்லீரல் புற்றுநோய் ஆய்வுகள் அல்ல, உண்மைதான். ஆனால் நல்ல கல்லீரல் உள்ளவர்களுக்கே பலன் தராத ஒன்று, கெட்ட கல்லீரலில் அற்புதம் செய்யும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. போதாததற்கு, சுறா குருத்தெலும்பு எடுத்த ஒருவருக்குக் கல்லீரல் அழற்சியே வந்ததாக 1996-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் ஏறுவதும் தெரிந்த ஆபத்து.

இதில் என் மனதில் நிற்பது ஒன்று. ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுத்துக் கட்டியை அடக்கலாம் என்ற யோசனை தவறே அல்ல. மேலே சொன்ன பெவாசிசுமாப் செய்வது அதைத்தான், சோராஃபெனிப் செய்யும் வேலைகளிலும் அது ஒன்று. தோற்றது பொடிதான். குருத்தெலும்பின் புரதங்கள் வயிற்றில் செரித்துப் போகும், கட்டி வரை போய்ச் சேராது.

கடல் அட்டைக்கு வருவோம். இதில் உள்ள சாப்போனின் வகைப் பொருள்கள் ஆய்வகத் தட்டில் கல்லீரல் புற்றணுக்களைக் கொல்கின்றன, அது பொய்யில்லை. வட அட்லாண்டிக் கடல் அட்டையிலிருந்து எடுத்த ஃப்ராண்டோசைடு ஏ என்ற பொருள் எலிகளில் கணையம், மார்பகம், நுரையீரல் கட்டிகளின் வளர்ச்சியைக் குறைத்தது. ஆனால் சாப்போனின் வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். செல்லின் மேலுறையில் உள்ள கொலஸ்ட்ரால் போன்ற பொருள்களோடு ஒட்டி உறையையே துளைக்கிறது. ரத்தச் சிவப்பணுவையும் அதேபோல் உடைக்கிறது. கடல் அட்டை தன்னைத் தின்ன வரும் மீன்களை விரட்ட வைத்திருக்கும் விஷம் அது. புற்றணுவை மட்டும் தேர்ந்தெடுக்க அதற்குத் தெரியாது. மனிதர்களில் கல்லீரல் புற்றுநோய்க்குப் பலன் தருகிறது என்று எந்தச் சாறும் நிரூபிக்கப்படவில்லை. லங்காவியில் காமாட் எண்ணெயைக் காலங்காலமாகப் புண்ணுக்குப் போடுகிறார்கள். அந்தப் பழக்கத்தைக் காட்டிக் கட்டிக்குக் குடிக்கச் சொல்வது ஏற்க முடியாத தாவல்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கடல் அட்டைகள் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் பிடிப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பண்ணை வைத்து வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள், அங்கே அது தொழில். ராமநாதபுரம் பக்கம் யாராவது 'மருந்துக்கு' என்று காய்ந்த அட்டை தந்தால் வாங்கி வம்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

'ஆராய்ச்சியில் நிரூபணம்' என்று லேபிளில் போட்டிருந்தால், எந்த ஆராய்ச்சி என்று கேளுங்கள். கல்லீரல் புற்றுநோய் ஆய்வுகளில் பெருமளவு ஹெப்ஜி2 என்ற செல்களில் நடந்தவை. அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவனின் கட்டியிலிருந்து வந்த செல்கள் அவை. அந்தக் கட்டி ஹெச்.சி.சி.யே அல்ல, குழந்தைகளுக்கு வரும் ஹெபடோபிளாஸ்டோமா என்று 2009-இல் தெளிவாக்கினார்கள். சிரோசிஸ் வந்த 60 வயதுக்காரரின் கட்டிக்கு அந்தத் தட்டில் கிடைத்த முடிவு மிகத் தொலைவான சாட்சி.

தம்பியின் கேள்வி

கடலிலிருந்து உண்மையான புற்றுநோய் மருந்துகள் வந்திருக்கின்றன, அதில் சந்தேகமே வேண்டாம். 1950-களின் தொடக்கத்தில் ஃபுளோரிடாக் கடற்பஞ்சு ஒன்றில் வெர்னர் பெர்க்மன் கண்ட விசித்திர நியூக்ளியோசைடுகளின் (டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள் போன்றவை) வழியில் உருவான சைட்டரபின், 1969 முதல் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாக இருக்கிறது. கரீபியக் கடலில் அலையாத்தி வேர்களில் ஒட்டி வாழும் ஒரு சிறு கடல் உயிரியிலிருந்து டிராபெக்டெடின் வந்தது. 2007-இல் ஐரோப்பாவிலும் 2015-இல் அமெரிக்காவிலும் மென்திசுச் சார்கோமாவுக்கு (தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய்) அனுமதி. ஜப்பானியக் கடற்பஞ்சிலிருந்து வந்த ஹாலிகாண்ட்ரின் பி-யை மாதிரியாக வைத்துச் செய்த எரிபுலினுக்கு 2010-இல் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி. கடல் முயல் என்ற ஓடில்லா நத்தையில் கண்ட டோலஸ்டாடின் 10-இன் வழியில் வந்த எம்.எம்.ஏ.இ. என்ற நச்சு, 2011 முதல் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கான மருந்தில் இருக்கிறது.

இவற்றில் எதற்கும் ஹெச்.சி.சி.க்கு அனுமதி இல்லை. டாக்டர் எழுதாததற்குக் காரணம் அலட்சியம் அல்ல. டிராபெக்டெடினின் முக்கியப் பக்கவிளைவே, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம்கள் ரத்தத்தில் ஏறுவது. அதைக் குறைக்க முன்கூட்டியே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். கல்லீரல் கடுமையாகக் கெட்டவர்களுக்கு டிராபெக்டெடினே கூடாது. எரிபுலினின் வழக்கமான அளவு உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 1.4 மி.கி. என்றால், சைல்டு-பியூ ஏ நிலையிலேயே 1.1-ஆகக் குறைக்க வேண்டும், பி நிலையில் 0.7. எம்.எம்.ஏ.இ. கொண்ட லிம்ஃபோமா மருந்தைக் கல்லீரல் பாதிப்பு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் தவிர்க்கச் சொல்கிறார்கள். சார்கோமாக்காரருக்குக் கல்லீரல் நன்றாக இருக்கும், அதனால் தாங்குவார். நம் நோயாளி தாங்க மாட்டார்.

முயலாமலும் இல்லை. டோலஸ்டாடின் 10-ஐ முற்றிய கல்லீரல், பித்தநாளப் புற்றுநோயாளிகளிடம் ஒரு சிறிய ஆய்வில் கொடுத்துப் பார்த்தார்கள், குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. ஹவாயின் பச்சை நிறக் கடல் நத்தையிலிருந்து வந்த கஹலலைடு எஃப் முதல் கட்டச் சோதனையிலேயே கல்லீரல் என்சைம்களை ஏற்றியது. மருந்தின் அளவைக் கூட்ட முடியாமல் செய்ததே அதுதான். மனிதர்களிடம் புற்றுநோய்க்காகச் சோதிக்கப்பட்ட முதல் கடல் பொருளான டிடெம்னின் பி, நச்சுத்தன்மையால் கைவிடப்பட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 600 கிலோ கடற்பஞ்சைப் பிழிந்துதான் ஜப்பானிய வேதியியலாளர்கள் 12.5 மி.கி. ஹாலிகாண்ட்ரின் பி எடுத்தார்கள். டிராபெக்டெடின் 1 கிராம் வேண்டுமென்றால் உயிரி சுமார் 1 டன் வேண்டும். அதனால்தான் இன்று எரிபுலினைத் தொழிற்சாலையில் முழுமையாகச் செயற்கையாகவும், டிராபெக்டெடினை பாக்டீரியா தரும் மூலப்பொருளிலிருந்தும் செய்கிறார்கள். கடல் உயிரியைப் பொடித்துக் கேப்சூலில் அடைத்தால் உள்ளே மருந்தளவுக்கு எதுவும் இருக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

கல்லீரல் புற்றுநோயில் கடல் விலங்குப் பொருள் வெகுதூரம் போன ஒரு முயற்சி என்றால் தென் கொரியாவினுடையதைச் சொல்வேன். நண்டு, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானோடு ஹோல்மியம்-166 என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்து, சிறிய கட்டிக்குள் நேரடியாக ஊசி போட்டார்கள். 2001-இல் அங்கே அதற்கு அனுமதியும் கிடைத்தது. 40 பேரிடம் நடந்த ஆய்வில் 31 பேருக்குக் கட்டி முழுவதும் அழிந்தது. கட்டியைக் கொன்றது கதிர்வீச்சு. கைட்டோசான் அதை அந்த இடத்திலேயே பிடித்து வைத்தது. சூட்டால் அழிக்கும் அப்லேஷன் பரவியதால் உலக அளவில் இது வழக்கமான சிகிச்சையாக ஆகவில்லை. ஆனாலும் இதில் இருக்கும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது: நச்சு கட்டிக்குள் மட்டும் நிற்கட்டும், மிச்சக் கல்லீரலுக்குப் போகவே வேண்டாம்.

அதே யோசனைதான் ஆன்டிபாடி மருந்துகளிலும் இருக்கிறது. எம்.எம்.ஏ.இ. போன்ற நச்சை, புற்றணுவைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியில் கட்டி அனுப்புகிறார்கள். பெரும்பாலான ஹெச்.சி.சி. கட்டிகளின் மேல் கிளிபிகான்-3 என்ற புரதம் இருக்கிறது, பெரியவர்களின் நல்ல கல்லீரலில் அது ஏறக்குறைய இல்லை. அதைக் குறிவைக்கும் பலவகை மருந்துகள் சோதனையில் இருக்கின்றன. கடலிலிருந்து கல்லீரல் புற்றுநோய்க்கு ஒரு மருந்து வந்தால் இந்த வழியாக வரும் என்பது என் கணிப்பு.

அப்படியானால் என்ன முடிவு?

கட்டி சிறியது, அறுவையோ அப்லேஷனோ மாற்றுக் கல்லீரலோ முடியும் என்றால் கடலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 'ஒரு மாதம் இயற்கை முறையில் பார்ப்போம்' என்று தள்ளிப்போடுவதுதான் இங்கே பெரிய ஆபத்து. 3 செ.மீ. கட்டி 5 செ.மீ. ஆகி, பிறகு அதையும் தாண்டினால் மாற்றுக் கல்லீரலுக்கான கதவே மூடிவிடலாம். இந்த நிலையில் நான் சமரசத்துக்கு இடமே தர மாட்டேன்.

கட்டி முற்றியிருக்கிறது, ஆனால் சைல்டு-பியூ ஏ என்றால் முதலில் நிலைநாட்டப்பட்ட மருந்துகள். அவை கேட்காமல் போன பிறகோ, வாங்க முடியாதபோதோ, ஆய்வுகளில் சேர்வதைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகள் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும்; யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். எந்தக் கட்டம், கல்லீரல் எந்த நிலை வரை சேர்ப்பார்கள், ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன தருவார்கள் என்று விசாரியுங்கள். முதல் கட்டச் சோதனை முக்கியமாக அளவையும் பாதுகாப்பையும் பார்ப்பது, குணப்படுத்தும் என்ற வாக்குறுதி அதில் இல்லை. 2019-இன் விதிகள்படி சோதனையால் பாதிப்பு வந்தால் மருத்துவமும் இழப்பீடும் உண்டு. 'ஆய்வு' என்று சொல்லிக்கொண்டு மருந்துக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சைல்டு-பியூ சி, மாற்றுக் கல்லீரலுக்கும் வழியில்லை என்றால் வலி, வயிற்று நீர், தூக்கமின்மை இவற்றைக் குறைக்கும் ஆதரவுச் சிகிச்சைதான் நல்லது. இந்த நிலையில் கல்லீரல் மீது ஏற்றும் எந்தப் புதுச் சுமையும் இருக்கிற நாள்களைக் குறைக்கவே செய்யும். கையில் இருக்கும் பணத்தைக் கேப்சூலுக்குக் கொட்டுவதைவிட வீட்டில் பார்த்துக்கொள்ள ஒரு செவிலியருக்குச் செலவு செய்யலாம்.

மீன் சாப்பிடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். நன்றாக வெந்த மீன் தாராளமாகச் சாப்பிடலாம். சிரோசிஸ் உள்ளவர்களுக்குப் புரதம் அவசியம். உப்பு போட்ட கருவாடு வேண்டாம், வயிற்று நீரைக் கூட்டும். பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சிப்பி, மட்டி தொடவே கூடாது. அவற்றில் இருக்கக்கூடிய விப்ரியோ பாக்டீரியா, கல்லீரல் கெட்டவர்களின் ரத்தத்தில் புகுந்தால் உயிரையே எடுக்கும்.

ஏற்கெனவே ஏதாவது பொடியோ சாறோ சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, டாக்டர் திட்டுவாரோ என்று மறைக்காமல் அந்த டப்பாவையே அடுத்த முறை எடுத்துச் செல்லுங்கள். எப்போது தொடங்கியது, தினம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனையில் என்சைம் ஏறியிருந்தால், காரணம் கட்டியா, புற்றுநோய் மருந்தா, அந்தப் பொடியா என்று பிரித்துப் பார்க்க டாக்டருக்கு அந்தத் தாள் வேண்டியிருக்கும்.